செனாயிலிருந்து கூச்சிங்: பதினேழாம் எண் அட்டையும் ஒரு வழி டிக்கெட்டும்

போன மாதம் பள்ளி விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை, மலேசியாவின் ஜொகூரில் உள்ள செனாய் விமான நிலையத்திலிருந்து, கடல் தாண்டி இருக்கும் சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகருக்குப் போய் வந்தேன். தம்பி சுரேன் அங்கே ஆசிரியர். அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு அவனுடைய திருமணப் பதிவு. இரண்டு சாட்சிகள் வேண்டும், இருவரும் ஐ.சி. என்கிற அடையாள அட்டையோடு வர வேண்டும். பெண் பக்கம் அவளுடைய அண்ணன், எங்கள் பக்கம் நான். எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாரும் வருவதாக இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவரால் வர முடியாது. அப்பா வரமாட்டேன் என்றார். பெண் மெலிசா சரவாக்கின் பூர்வகுடியான பிடாயு இனத்தவள், தேவாலயத்துக்குப் போகிறவள். அப்பாவோ கூலாய் கோயில் கமிட்டியில் இருபது வருடமாக இருப்பவர். முந்தின நாள் மாலை, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே என்று கூலாயில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன்.

"கோயில்ல தாலி கட்டாம ஆபிஸ்ல கையெழுத்துப் போட்டா அது கல்யாணமா? கமிட்டியில கேட்டா நான் என்னான்னு சொல்றது? அங்க வந்து நான் சும்மா நிக்கணுமா?" என்றார் அப்பா.

"நிக்க வேணாம், நாற்காலி போட்டிருப்பாங்க, உக்காருங்க" என்று நான் வாயைக் கொடுத்தேன். அதோடு பேச்சு முற்றிவிட்டது. அழைப்பிதழை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதற்கும் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை என் கணவர் தம்போயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் கொண்டுபோய் விட்டார். 22 கிலோமீட்டர், 25 நிமிடம். காலையில் சாலை நிறைய வண்டிகள் சிங்கப்பூர் பக்கம்தான் போகும், நாம் எதிர்ப்பக்கம் போவதால் நிம்மதி. கார் இல்லாதவர்களுக்கு ஜொகூர் பாருவிலிருந்து பேருந்து உண்டு, எட்டு ரிங்கிட். ஆனால் அடிக்கடி கிடையாது, நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 8.15க்கு இறங்கினேன். என் விமானம் 10.25க்கு. டிக்கெட்டை ஆறு வாரத்துக்கு முன்பே எடுத்ததால் 128 ரிங்கிட்தான், ஏழு கிலோ கைப்பையோடு சேர்த்து.

செனாய் சின்ன விமான நிலையம். பத்து நிமிடத்தில் முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். கோலாலம்பூர் போல ரயில் பிடித்து, படியேறி, கால் வலிக்க நடக்கிற வேலை எல்லாம் இல்லை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் தே தாரிக் தேநீரும் 14 ரிங்கிட் 40 காசு. மிளகாய்ச் சம்பல் கொஞ்சம் இனிப்பு, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு 8.55க்குச் சோதனை வாசலுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஐ.சி. கேட்டார். பர்ஸைத் திறந்தால், ஐ.சி. இருக்க வேண்டிய இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் அட்டை. 'பெலாவாட் 17' என்று எழுதியிருந்தது. பெலாவாட் என்றால் வருகையாளர்.

எங்கள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இங்கே பல குடியிருப்புகளுக்கு வாசலில் காவலாளிக் கொட்டகை இருக்கும். வெளியாள் போனால் ஐ.சி.யை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் அட்டை தருவார்கள். திரும்பும்போது அட்டையைக் கொடுத்து ஐ.சி.யை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா குடியிருப்பில் புதிதாக வந்திருந்த காவலாளிக்கு என்னைத் தெரியாது. போகும்போது ஒழுங்காக மாற்றிக்கொண்டேன். வரும்போது கோபத்தில், வெளியேறும் தடுப்பு தூக்கியிருந்ததைப் பார்த்து நேராக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிறந்த வீட்டுக்குப் போய் அடையாள அட்டையைத் தொலைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். "சரவாக்குக்கு ஐ.சி., இல்லாட்டி பாஸ்போர்ட் வேணும், காக்" என்று, அக்கா முறை வைத்து மலாயில் பொறுமையாகச் சொன்னார் அந்த அதிகாரி. பாஸ்போர்ட்டோ சிங்கப்பூர் வேலையை விட்டதோடு காலாவதியாகி, வீட்டு அலமாரியில் கிடக்கிறது. கணவர் அதற்குள் வேலையில் இறங்கியிருப்பார், போனை எடுக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து நானே கூலாய்க்குப் போய் வரலாமென்று பார்த்தால், கார் வரவே பதினெட்டு நிமிடம் என்றது செயலி. விமானக் கதவு 10.05க்கு மூடிவிடும். விமானம் போனால் போகட்டும், எங்கள் வீட்டிலிருந்து ஒரு கையெழுத்துகூட இல்லாமல் தம்பிக்குக் கல்யாணம் நடக்குமே என்றுதான் அழுகை வந்தது.

அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்பா." விஷயத்தைச் சொன்னேன்.

"கார்டு நம்பர் என்னா?"

"பதினேழு."

"ம்."

அப்பா வீட்டிலிருந்து விமான நிலையம் 11 கிலோமீட்டர். 9.41க்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஐ.சி.யை நீட்டினார்.

"கார்டு என்கிட்ட இருக்கே, எப்டிப்பா குடுத்தான்?"

"ரூல் பேசுறான் லா. என் ஐ.சி.ய வச்சிட்டு வாங்கிட்டு வந்தேன். கார்டக் குடு."

கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறப்பதற்குள், "எத்தன மணிக்கு?" என்றார்.

"ரெண்டரை."

"சரி, போ. கதவ மூடிருவான்."

சோதனை வாசலிலிருந்து விமான இருக்கை வரை பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது. பெரிய விமான நிலையமாக இருந்திருந்தால் நான் கூச்சிங்கைப் பார்த்திருக்கமாட்டேன்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பி 11.55க்கு இறங்கியது. கூச்சிங்கில் நம் நாட்டுக்காரர்களும் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆனது. ஐ.சி.யைப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் தாள் கொடுத்தார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நகருக்கு வாடகைக் கார் 19 ரிங்கிட்.

பதிவு இரண்டரைக்குத் தொடங்கி 2.50க்கு முடிந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். சுரேன் நன்றாகத்தான் சிரித்தான், ஆனால் படம் எடுக்கும்போது என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான்.

எல்லாரும் வெளியே வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். 3.25 இருக்கும். ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கோயில் திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் அப்பா இறங்கினார். கையில் நான் டிவி பக்கத்தில் வைத்த அழைப்பிதழ்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இப்பத்தான்பா" என்றான் சுரேன். அப்பா மெலிசா பக்கம் திரும்பி, "சுடா மக்கான்?" என்றார், சாப்பிட்டாயா என்று. அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப ஏன் வெயில்ல நிக்கிறீங்க, வாங்க" என்று முன்னால் நடந்தார்.

கடையில் லக்சா நூடுல்ஸ் வருவதற்குள் நடந்ததைச் சொன்னார். அட்டை இல்லாமல் ஐ.சி. தரமாட்டேன் என்று காவலாளி ஒற்றைக் காலில் நிற்க, என்ன அவசரம் என்று அவன் கேட்க, இவர் "அனாக் காவின்" என்று சொல்லியிருக்கிறார். மகனுக்குக் கல்யாணம் என்று. அப்புறம் பதினேழாம் அட்டையைக் கொடுத்துத் தன் ஐ.சி.யை வாங்கப் போனபோது, "அப்ப நீங்க போகலியா?" என்று கேட்டிருக்கிறான். "அவன்கிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார் அப்பா. அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்துத் தெருச் சித்தியைக் கூப்பிட்டு வைத்துவிட்டு, 1.10 விமானத்துக்குச் செனாய் கவுண்டரிலேயே டிக்கெட் எடுத்திருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐ.சி. பர்ஸில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், முக்கியமாக முந்தின நாள் யாருடனாவது சண்டை போட்டிருந்தால். ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் செனாயில் தாராளம். முக்கியமான காரியம் என்றால் காலை விமானத்திலேயே போய்விடுங்கள், மதிய விமானத்தில் போனால் 2.40க்குத்தான் இறங்குவீர்கள். டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுக்காதீர்கள். அப்பாவுக்கு 312 ரிங்கிட் ஆகியிருக்கிறது, அதுவும் ஒரு வழிக்கு.

ஏன் திரும்பி வர எடுக்கவில்லை என்று கேட்டேன். லக்சாவைக் கிளறிக்கொண்டே சுரேனைக் காட்டி, "இவன் என்கிட்ட பேசலன்னா இன்னிக்கே திரும்பணும். பேசினா எத்தன நாளுன்னு தெரியல" என்றார்.

சுரேன் போனை எடுத்தான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிக்கெட் போடவாப்பா? இன்னும் மூணு நாள் இருந்துட்டுப் போலாமே."

"ஞாயித்துக்கிழமையே போடு. திங்கக்கிழமை கமிட்டி கூட்டம் இருக்கு. எங்க போயிருந்தேன்னு கேப்பாங்க" என்ற அப்பா, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்னு சொல்லணும்" என்றார்.