மாமியாருக்கு வேனில் இடமில்லை

அந்தப் பைக்கு மாமியார் என்று பெயர் வைத்தவன் டிரம்ஸ்காரன். எங்கே போனாலும் கூடவே வருகிறது, உட்கார ஒரு முழு சீட் கேட்கிறது, யாராவது கை வைத்தால் சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. பின்னே வேறென்ன பெயர் வைப்பதாம் என்று கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சின்னவளே, “மாமியார வெயில்ல வைக்காதீங்க” என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

சின்னவள் பகலில் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். விடுமுறை நாட்களில் நாலு பேர் கொண்ட ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். அவள் முதன்முதலாக மேடை ஏறிய நாளின் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. படத்தில் ஜம்மென்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உண்மையில் அப்போது அவள் கிட்டாரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முதல் பாட்டிலேயே கம்பி அறுந்து, மாற்றுக் கம்பி இல்லாமல், மிச்சப் பாட்டுகள் முழுக்க வாசிப்பது போல விரலை ஆட்டிக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அது போதாதா?

அதற்குப் பிறகு அவள் வெறுங்கையோடு எங்கும் போனதில்லை. முதலில் ஒரு பாக்கெட் கம்பி. பிறகு ஒரு கேபிள். பிறகு இன்னொரு மைக், பேட்டரிகள், பியூஸ், டேப், டார்ச், ஈயம் பற்றவைக்கிற கருவி, கீபோர்டுக்கு இன்னொரு அடாப்டர், டிரம்ஸ்காரன் எப்போதும் மறந்துவிட்டு வரும் குச்சி ஒரு ஜோடி. எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சகிக்காமல், தையல் வேலை செய்யும் அக்கா தடித்த கித்தான் துணி வாங்கி, ஆளுக்குச் சட்டை தைப்பது போல ஒவ்வொரு பொருளையும் அளவெடுத்து, அதற்கென்று ஒரு அறை வைத்து இந்தப் பையைத் தைத்தாள். பையின் முதுகில், மாற்றுக்கென்று வைத்திருக்கும் பழைய கிட்டாரைக் கட்டிக்கொள்ள இரண்டு பட்டை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் எது எங்கே என்று சின்னவளுக்குத் தெரியும்.

சுமப்பது மட்டும்தான் அவள் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பையிலுள்ள ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மாட்டி, சத்தம் வரவைத்துப் பார்த்துத்தான் திரும்ப உள்ளே வைப்பாள். பேட்டரியைக்கூட விடுவதில்லை. “ஆபத்துக்கு எடுக்கறப்போ அதுவும் செத்துக் கெடந்தா, அது மாத்து இல்லக்கா, முதுகுவலி” என்பாள்.

முடிச்சு போடும் வழக்கமும் அவளுடையதுதான். மேடையில் ஒரு கேபிள் பாதியில் சத்தம் நின்று காலை வாரினால், உடனே பிடுங்கி, நடுவில் ஒரு முடிச்சு போட்டு ஓரமாக எறிவாள். முடிச்சு விழுந்த கேபிளை யாரும் மாட்டக்கூடாது. கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பற்றவைத்து, சரியான பிறகு அவளே முடிச்சை அவிழ்ப்பாள். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும், புதிதாக வந்து சேர்ந்த கீபோர்டுக்காரரைத் தவிர. அவர் மகா சுத்தக்காரர். குழு போய்வரும் வேனும் அவருடையது.

வம்பு அந்த வேனில்தான் ஆரம்பித்தது.

ஒரு பெரிய ஓட்டலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடுவதற்கு ஒரு குழுவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஞாயிறுதோறும் வேலை. போன வாரம் ஒரு குழு வந்து, பாதிப் பாட்டில் மைக் நின்றுபோனதால் மேனேஜர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வாரம் இவர்கள் முறை. குழுவின் தலைவரும் பாடகருமான மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, புது ஷூ. சின்னவளையும் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏம்மா, பெரிய எடம். பளபளன்னு தரை. அங்க போய் இந்த மூட்டைய எறக்கினா, வீடு காலி பண்ணிட்டு வந்தவங்கன்னு நெனப்பாங்க. இந்த ஒரு வாட்டி வேண்டாம்.”

“மாமியார் வரலேன்னா மருமகளும் வர மாட்டா மாஸ்டர்.”

“வேன்ல எடமில்லம்மா!”

“நான் பஸ்ல வரேன்.”

மாஸ்டர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். “சரி. ஒரு பேச்சு. அந்தப் பைய தொறக்காமலே புரோகிராம் முடிஞ்சுதுன்னா, இனிமே அது வீட்லதான் இருக்கணும். சம்மதமா?”

“தொறந்தா?”

“தொறந்தா நானே தூக்கிட்டு வரேன், போ!”

டிரம்ஸ்காரன் நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கிவைத்தான். யார் தோற்றாலும் அவனுக்குக் கொண்டாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பையோடு பஸ் ஏறினாள். வழியை அடைத்துக்கொண்டு நின்ற அதைப் பார்த்து கண்டக்டர், “உள்ள ஆள் கீள் யாரும் இல்லியேம்மா?” என்றார்.

“இல்லண்ணே, மாமியார் மட்டும்தான்.”

பஸ்ஸே சிரித்தது. ஒரு அம்மாள் எழுந்து பைக்கு இடம் கொடுத்தாள்.

ஓட்டலில் மேடை போட்டாயிற்று. மைக் சோதித்தாயிற்று. “ஹலோ, ஹலோ” என்று மாஸ்டர் நின்ற இடத்தில் நின்று சொன்னார், நன்றாகவே கேட்டது. திருப்தியாகி, மேனேஜரைப் பார்க்கப் போய்விட்டார். சின்னவள் தரையில் கிடந்த கேபிள்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே வந்தவள், மாஸ்டரின் மைக் கேபிளருகே நின்றுவிட்டாள். நடுவில் ஒரு இடத்தில், சுருண்டு படுத்த பாம்பு எழுந்த மாதிரி, ஒரு வளைவு.

அந்த வளைவு எப்படி வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இறுக்கிப் போட்ட முடிச்சை அவிழ்த்தாலும் கேபிளில் அதன் தழும்பு போகாது. போன நிகழ்ச்சியில் மழை வந்து, எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடியபோது, முடிச்சு போட்ட கேபிளும் அதில் போய்விட்டது.

“கீபோர்டண்ணே, இந்த கேபிள்ல முடிச்சு இருந்துதா?”

“ஆமாம்மா. சிக்கிக் கெடந்துச்சு. முந்தாநாள் உக்காந்து பொறுமையா அவுத்து, தொடச்சு, அழகா சுத்தி வச்சேன்.” அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. “ஏன், இன்னும் சிக்கு இருக்கா?”

“இல்லண்ணே. ரொம்ப அழகா அவுத்திருக்கீங்க.”

அவள் குனிந்து, மைக்கைத் தட்டிக்கொண்டே கேபிளை லேசாக அசைத்தாள். டொக், டொக், பிறகு ஒன்றுமில்லை. விட்டாள், மறுபடி டொக். நின்ற இடத்தில் நின்று பாடினால் தாங்கும். மாஸ்டர் நின்ற இடத்தில் நின்று பாடிய நாள் உண்டா? இரண்டாவது பாட்டிலேயே கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நடப்பார்.

டிரம்ஸ்காரனும் எட்டிப் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விடுக்கா. அது ரெண்டாவது பாட்டுல மக்கர் பண்ணட்டும். எல்லாரும் பாக்கறப்போ மாமியார எறக்கு. மாஸ்டர் வாய அடைச்ச மாதிரி இருக்கும்” என்றான்.

“மேனேஜர் முகத்தப் பாத்தியா? போன வாரம் ஒரு குழு மைக் நின்னுதான் வீட்டுக்குப் போச்சு. நாமளும் அவங்க பின்னாடியே போகவா?”

“இப்ப மாத்துனா யாருக்குத் தெரியும்? பந்தயம் போச்சே!”

“போகாது.” அவள் அதற்குள் பையின் மூன்றாவது அறையைத் திறந்திருந்தாள். நேற்றுச் சோதித்து வைத்த கேபிளை மாட்டி, ஆட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மாஸ்டர் நடக்கத் தாராளமாக நீளம் விட்டு, மிச்சத்தைத் தரையோடு டேப் ஒட்டினாள். கெட்ட கேபிளை எடுத்து இறுக்கி ஒரு முடிச்சு போட்டு, அதை மட்டும் தன் கிட்டார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கீபோர்டண்ணன் கைக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

அன்று குழு வாசித்தது அப்படியொரு வாசிப்பு. சின்னவள் எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் நிற்பாள். அன்று நாலாவது பாட்டில் தன் பகுதி வந்தபோது ஓரடி முன்னே வந்து வாசித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி, மேசைகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டி, பாடிக்கொண்டே திரும்பி வந்தார். மைக் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

முடிந்ததும் மேனேஜர் வந்து, “அடுத்த ஞாயிறு ஒரு அரை மணி முன்னாடியே வந்துடுங்க. வருஷம் முழுக்க நீங்கதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் தரையில் கால் பாவாமல் சின்னவளிடம் வந்தார்.

“பாத்தியாம்மா? பையத் தொறக்கவே இல்ல. நான் அப்பவே சொன்னேன்.”

“தொறந்தாச்சு மாஸ்டர்.”

“எப்போ?”

“நீங்க மேனேஜர்கிட்ட பல்லக் காட்டிட்டு நின்னீங்களே, அப்போ.”

“சும்மா அளக்காத. எல்லாம் முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஹலோ சொல்லிப் பாத்தேனே.”

சின்னவள் கிட்டார் பெட்டியைத் திறந்து, முடிச்சு போட்ட கேபிளை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மாஸ்டரின் மைக்கில் மாட்டி அவர் கையில் கொடுத்தாள். “பாடிக்கிட்டே நடங்க.”

கூடத்தில் விருந்தினர் யாரும் இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர்கள் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அன்று கைதட்டல் வாங்கிய அதே வரியை ஆரம்பித்தார். முதல் அடி எடுத்து வைத்தார், குரல் கணீரென்று கேட்டது. இரண்டாவது அடியில் கரகரத்தது. மூன்றாவது அடியில் மாஸ்டரின் வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. நாற்காலி அடுக்கியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மைக்கை உதறினார், பாட்டின் நடுவிலிருந்து ஒரே ஒரு சொல் இடிபோல வந்துவிட்டு மறுபடி அடங்கியது.

கீபோர்டுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயையோ, அந்த முடிச்சு…”

“ஆமாண்ணே. இனிமே எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் அவுக்காதீங்க.”

மாஸ்டர் கையிலிருந்த கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் ஓடியது தோற்றவனின் கோபமல்ல. அந்த இரண்டாவது பாட்டு, மேனேஜர், போன வாரத்துக் குழு, எல்லாம் வரிசையாக ஓடியது. பிறகு கேபிளைக் கழற்றி, அவரே நடுவில் ஒரு முடிச்சு போட்டார். லூசாக இருந்தது. சின்னவள் வாங்கி, இழுத்து இறுக்கிக் கொடுத்தாள்.

“ஏம்மா, நீ பேசாம இருந்திருந்தா, மேடையிலயே என் மானத்த வாங்கியிருக்கலாமே?”

“உங்க மானம் போனா, அதுல என் நாலாவது பாட்டும் சேந்து போயிருக்கும் மாஸ்டர். இன்னிக்கு நான் நல்லா வாசிச்சேன்.”

“வாசிச்சே,” என்றார் மாஸ்டர். “ரொம்ப நல்லா வாசிச்சே.”

வேனில் நிஜமாகவே இடமில்லை. முன் சீட்டில், புதுச் சட்டை கசங்க, மாஸ்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையின் முதுகில் கட்டிய பழைய கிட்டாரின் கழுத்து அவர் தாடையை இடித்தது.

பின்னாலிருந்து டிரம்ஸ்காரன், “மாமியாருக்கு சௌகரியமா இருக்கா மாஸ்டர்?” என்றான்.

“பேசாம வாடா.” பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வண்டிய மெதுவா ஓட்டுங்கப்பா, உள்ள பியூஸ் இருக்கு.”