சந்தனம் பூசிய லைசென்ஸ்

என் எட்டாவது வயதில் அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. பொட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

அம்மா நூலால் புருவம் திருத்துகிறவள். ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு தோசைக் கடைக்கும் நடுவில் அவளுக்குச் சின்னதாக ஒரு கடை. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சுவரில் லைசென்ஸ். லைசென்ஸில் அவள் போட்டோ இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் அந்தக் கடைகளுக்குப் பின்னால். ஸ்கூல் பஸ் இறக்கிவிட்டதும் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். அப்பாவுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு.

சித்தப்பாவுக்கு ஜெயிலில் வேலை. பக்கத்துக் கவுண்டி, அதாவது பக்கத்து மாவட்ட, ஜெயிலில் காவல்.

அந்த வருஷம் மாநில சட்டசபையில் ஒரு சட்டம் போட்டார்கள். அழகு நிலையங்களுக்கு லைசென்ஸ் கொடுத்துச் சோதனை போடுவது ஒரு ஆபீஸ். கவுண்டி ஜெயில்களைச் சோதனை போடுவது இன்னொரு ஆபீஸ். இரண்டையும் கலைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். இரண்டும் சோதனைதானே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அம்மாவின் புதுப்பிக்கும் மனு நடுவில் மாட்டிக்கொண்டது. பழைய ஆபீஸைக் கேட்டால் புது ஆபீஸ் என்றார்கள். புது ஆபீஸில் போனை எடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. புது லைசென்ஸ் வரும்வரை பழைய தாளே செல்லும். அது எல்லோரும் படிக்கிற மாதிரி சுவரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டும்.

சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"அண்ணி, இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒரே ஆபீஸுங்க. ஒழுங்கா நூல் புடிக்கலீன்னா நேரா எங்ககிட்ட வந்தர வேண்டியதுதான். ஜன்னலோரமா ஒரு ரூம் பாத்து வெக்கறேன்."

"உங்க ஜெயில்ல எல்லாம் காட்டுப் புருவமா இருப்பானுக தம்பி. எனக்கு ஓவர்டைம் ஆயிரும்" என்றாள் அம்மா.

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. லைசென்ஸ் பார்ப்பதும் ஜெயில் பார்ப்பதும் ஒரே ஆபீஸ். லைசென்ஸ் கெட்டால் ஜெயில். கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை. அன்றைக்கு அம்மா கருவி எதையும் தொடமாட்டாள். கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, அதுகளுக்கு ஓய்வு. கத்திரி, இடுக்கி, நூல்கண்டு எல்லாம் வாழையிலை மேல் வரிசையாக இருந்தன. கார்டு தேய்க்கிற மெஷினுக்கும் பொட்டு உண்டு. ஐப்ரோ பண்ண வந்த ஒரு ஆன்ட்டியைத் திருப்பி அனுப்பினாள். "நாளைக்கு வாங்க. இன்னிக்கு நூலுக்கு லீவு."

பொட்டு வைக்கிற வேலை எனக்கு. லைசென்ஸ் மாட்டியிருந்த ஃபிரேமின் கண்ணாடியைத் துடைக்கத் தாளை வெளியே எடுத்து வைத்திருந்தாள். போட்டோவில் அம்மா நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் பெரியதாக வைத்தேன். சந்தனத்தில் பன்னீர் கூடிப்போயிருந்தது. நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது, கழுத்துக்கு இறங்கியது, கீழே இருந்த நம்பர் மேல் போய் நின்றது. பயந்துபோய் அப்படியே ஃபிரேமுக்குள் திணித்து மாட்டிவிட்டேன். அம்மா அப்போது வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. சாம்பல் சட்டை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து, கையில் தாள் செருகிய அட்டை. உயரமான வெள்ளைக்கார அம்மா. புது ஆபீஸ் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார்.

முதலில் நெருப்பைப் பார்த்தார். பிறகு வாழையிலையைப் பார்த்தார். குங்குமம் பூசின இடுக்கியைக் குனிந்து பார்த்தார். இதை யார் முகத்தில் வைப்பாய் என்று கேட்டார்.

அம்மாவின் இங்கிலீஷ் கொஞ்சம். உள்ளதைத் தைரியமாகப் பேசுவாள். "டுடே நோ ஃபேஸ். டூல்ஸ் ஹாலிடே. டுமாரோ வாஷ், மெடிசின், தென் ஃபேஸ்."

கருவிகளுக்கு லீவு கொடுத்தது யார் என்று கேட்டார் அந்த அம்மா.

"மீ. ஐ பாஸ்."

அவருக்கு வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. லைசென்ஸ் எங்கே என்றார்.

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே மஞ்சளாக ஒரு முகம். பெயர் பாதி. நம்பர் இல்லவே இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அந்தச் சாவிக்கொத்தின் முன்னால் நின்றேன். "ஐ டிட் இட். டேக் மீ. டோன்ட் டேக் மை அம்மா டு ஜெயில்." அழுகையில் மூக்கு ஒழுகியது.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். தான் யாரையும் ஜெயிலில் போட்டதில்லை என்றார். பத்தொன்பது வருஷம் ஜெயில்களைப் பார்த்திருக்கிறார். உள்ளே இருக்கிறவர்களுக்குப் படுக்க இடம் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தீப்பிடித்தால் கதவு திறக்குமா, அதுதான் அவர் வேலை. சட்டம் மாறியதும் இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அழகு நிலையத்துக்குள் சோதனைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு அது போதும். ஒரு புது இடுக்கியைப் பாக்கெட் பிரித்து எடுத்தாள். சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள். தாளை மேஜையில் விரித்து, அதற்குள் காய்ந்திருந்த சந்தனத்தை ஓரத்திலிருந்து செதில் செதிலாக எடுத்தாள். எடுத்துக்கொண்டே நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாகத் தாளில் வெளியே வந்தது. தாள் ஒரு நூல்கூடக் கிழியவில்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

பிறகு கடையைச் சுற்றினார். பின்கதவை உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தார். பொரி மூட்டை தடுத்தது. நகர்த்தச் சொல்லி, மறுபடி தள்ளி, திறந்ததும்தான் நகர்ந்தார். குழாயில் விரலை வைத்து வெந்நீர் வரும்வரை காத்திருந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று அம்மாவைக் கேட்டார். பத்து மணி நேரம் என்றாள். எதில் உட்காருவாய் என்றார். இருந்த இரண்டு நாற்காலியும் வாடிக்கைக்காரர்களுக்கு. அதையும் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்து அட்டையில் இருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடுத்து என்ன என்று தெரியவில்லை. அம்மாதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இடுக்கி ஊறப்போடுகிற மருந்து இது. ஒரு ஆளுக்கு ஒரு நூல், அப்புறம் குப்பை. துவைத்த துண்டு இங்கே, அழுக்குத் துண்டு அங்கே. அலமாரியில் ஒரு மருந்து பாட்டிலைத் தானே எடுத்து நீட்டினாள். "திஸ் டேட் ஓவர். மை மிஸ்டேக். யூ ரைட்."

அவர் எழுதினார். ஒரு எச்சரிக்கைச் சீட்டு. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போது ஒரு கை பொரி மட்டும் வாங்கிக்கொண்டார். பொட்டலம் வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் சித்தப்பா டியூட்டி முடிந்து வீட்டுக்குச் சுண்டல் சாப்பிட வந்தார். அம்மா அந்த அம்மாவைப் போலவே நடந்து காட்டினாள், இடுப்பில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு. "எதுல உக்காருவேன்னு கேக்கறாங்க தம்பி. உட்டா எங்க படுப்பேன்னும் கேட்டிருப்பாங்க." அப்பா நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சத்தம் போட்டுச் சிரித்தார்.

சித்தப்பா தொடையைத் தட்டினார். "இதென்ன அண்ணி, எங்க ஜெயிலுக்குச் சோதனைக்கு வந்தவனக் கேளுங்க. முந்தி சலூன் சலூனா சுத்துனவனாம். நேரா முடிவெட்டற ரூமுக்குப் போனான். சீப்பை மோந்து பாத்தான். துண்டு எண்ணுனான். முடிவெட்டறவன் லைசென்ஸ் எங்கன்னான். எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டுக் கெளம்பிட்டான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ரூம் பத்தாம நாலு பேரு நடையில, வெறும் தரையில படுத்திருக்கறானுக. ஒருத்தருக்குக் காய்ச்சல் வேற. அவனுக காலைத் தாண்டித்தான் போனான். தாண்டி, திரும்பி வந்தான்."

"ஏன்னு கேக்கலயா?"

"அவன் தாள்ல அது இல்லீங்களே."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சீப்பை மோந்து பார்க்கிற ஆள் எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். என் அம்மா ஜெயிலுக்குப் போகவில்லை.

அம்மா இடுப்புச் சாவியை அவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"பின்கதவு?" என்றாள்.

"என்னங்க அண்ணி?"

"தள்ளிப் பாத்தானா? உள்ள இருந்து தொறக்குதான்னு?"

சித்தப்பா தட்டில் இருந்த ஒரு கடலையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா சமையலறைக்குப் போனாள். மிச்சச் சுண்டலை ஒரு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு வந்தாள். மறுநாள் ஸ்கூலுக்கு நான் கொண்டுபோக எடுத்துவைத்தது அது.

"அந்த நாலு பேருக்குக் குடுங்க."

"உள்ள உடமாட்டாங்க அண்ணி. கேட்டுலயே புடுங்கிருவாங்க."

"தெரியும். கொண்டு போங்க."

சித்தப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அம்மா வாசலிலேயே நின்றாள். கடையைக் காப்பாற்றின நாளில் அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. என் சுண்டல் போய்விட்டது. அதற்குத்தான் அன்று இரண்டாவது தடவை அழுதேன்.