செல்வி எடுத்துக்கொண்ட மணி

தி.நகரில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். யாராவது தவறாகப் பேசினால் மேஜை மணியைத் தட்டுவேன். கண்டிப்பான வாத்தியார் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் பாடம், தினமும் செய்வதற்கு ‘ஐ டிரைவ்’, இந்த நிமிடம் செய்வதற்கு ‘ஐ ஆம் டிரைவிங்’. சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் செல்வி எழுந்தார்.

“டெய்லி ஐ ஆம் டிரைவிங்...” மணியைத் தட்டினேன்.

“டெய்லி ஐ ஆம் ஸ்டாண்டிங் லாஸ்ட்...” மறுபடி தட்டினேன்.

அவர் நேராக வந்து மணியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“ஆட்டோ ஸ்டாண்டுல ஆம்பளைங்க இப்படித்தான் என்னைப் பேசவே உடல. நீயும் இன்னா சார்? நான் சொல்லி முடிச்சிடுறேன், அப்பால திருத்து.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தலையாட்டினேன்.

எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் கடைசியில் நில் என்று விரட்டிய ஸ்டாண்டில் தன் இடத்தைப் பிடித்த கதையை, ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலேயே சொன்னார். கடைசியில் கொஞ்சம் யோசித்து, “நவ், டெய்லி, ஐ ஸ்டாண்ட் ஃபர்ஸ்ட்” என்றார். வகுப்பே கைதட்டியது.

மணி இன்றும் செல்வியிடம்தான் இருக்கிறது. பேசுபவரை யார் இடைமறித்தாலும் செல்வி அந்த மணியை அடிப்பார். இதுவரை அதிகம் மாட்டியது நான்தான். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.