கசக்காத கண்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணில் ஏதாவது விழுந்தால் எங்களுக்கு ஒரே வைத்தியம்தான். லைனிங் துணியின் நுனியைத் திரியாகத் திரித்து, இமையைத் தூக்கிப் பிடித்து ஒரு துடைப்பு. எங்கள் கட்டிங் மாஸ்டர் இதில் பெரிய கை. விழுந்த பிசிறை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு பையின் வாரை இழுத்துப் பார்த்தேன். அது கையிலிருந்து உருவிக்கொண்டு, நுனி என் வலது கண்ணில் அடித்தது. மணலும் மிளகாய்ப்பொடியும் சேர்ந்து விழுந்த மாதிரி எரிச்சல்.

"தூசி கெடக்கு அண்ணாச்சி, அசையாதீய" என்று மாஸ்டர் துடைத்தார். ஒன்றும் வரவில்லை, உறுத்தல்தான் கூடியது. உறுத்தினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "இன்னும் உள்ள பாரும்வே" என்று ஊக்கம் கொடுத்த மேதை நான்தான்.

மாடியில்தான் வீடு. இறங்கி வந்த மனைவி திரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மாட்டுங்கா கண் டாக்டரிடம் போக டாக்ஸி பிடித்தாள். வழியெல்லாம் நான், கண் போய்விட்டால் பட்டறையை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டே வந்தேன். "உன் மொகத்த ஒருதரம் நல்லா பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"இத்தன வருசம் பாக்காம இப்பந்தான் தோணிச்சோ?"

டாக்டரம்மா ஒரு சொட்டு விட்டார். வலி மாயமாகிவிட்டது. பிறகு மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார்.

"தூசியே இல்லையே. கருவிழியில கீறல். அதுதான் தூசி மாதிரி உறுத்தறது. நீங்க தொடைச்சுத் தொடைச்சுப் பெரிசாக்கியிருக்கேள்."

"அந்த மொத சொட்ட எழுதிக் குடுங்க டாக்டர். அது போதும்."

"அது நான் பாக்கறதுக்கு மட்டும். அதைப் போட்டுண்டே இருந்தா புண் ஆறாது. சீழ் பிடிக்காம இருக்க வேற சொட்டு, வலிக்கு மாத்திரை தரேன். வெளிச்சம் கூசினா கறுப்புக் கண்ணாடி. கசக்கவே கூடாது. ஆழமாகித் தழும்பு விழுந்தா பார்வை மங்கிடும்."

தாராவி வருவதற்குள் மரத்துப்போன கண்ணில் வலி விழித்துக்கொண்டது. மாத்திரையும் இருட்டறையும் கொஞ்சம் அடக்கின. ஆனால் கை? அது என் பேச்சைக் கேட்கிற கை அல்ல. கடைசியில் பட்டறையிலிருந்து இரண்டு சின்னத் தோல் பைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மணிக்கட்டு வரை கைகளை உள்ளே விட்டு, மனைவியை வாரை இறுக்கச் சொன்னேன். சொட்டு விடுவதும் காப்பி புகட்டுவதும் அவள்தான். பார்க்க வந்த மாஸ்டர், "கையிலயும் அடியா?" என்று கேட்டுவிட்டு, தையல் சரியாக இருக்கிறதா என்று பையைத் திருப்பிப் பார்த்தார்.

மறுபடி போனபோது நீல விளக்கில் டாக்டரம்மா வெகுநேரம் தேடினார். "கீறல் இருந்த இடமே தெரியலை. கசக்கவே இல்லையா?"

"ஒருதரம்கூட இல்ல" என்றேன். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்தேன். வாசிக்கச் சொல்லாத பக்கத்து அட்டையையும் வாசித்தேன். திரும்பும்போது டாக்ஸி டிரைவரிடமும் கசக்காமல் இருந்த விஷயத்தை ஹிந்தியில் சொன்னேன்.

"சும்மா இருந்ததுக்கு இம்புட்டுப் பெருமையா?" என்றாள் மனைவி.

"நான் சும்மா இருந்து நீ பாத்திருக்கியா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வீடு வரும்வரை கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டு வாசித்தேன். அவள் தடுக்கவில்லை.