துண்டு போட்டு மூடிய கம்ப்யூட்டர்

ரேவதி இறந்த செய்தி, பக்கத்து வீட்டுப் போனுக்குத்தான் வந்தது. அரியலூரிலிருந்து என் மகள் செல்வி பேசினாள். "அம்மா, ரேவதி அக்கா போயிட்டாங்கம்மா. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம்." போனைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரம்பலூரில் ரேவதி நடத்திய பிரௌசிங் சென்டர் உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, கல்லூரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் இணையதளமும் செய்து கொடுத்தார். நான் ஐந்தாவதோடு நின்றவள். இணையதளம் என்றால் என்னவென்று அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

செல்விக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது, கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைக் கேட்டு வேலை செய்யப் பழகியிருந்தாள். அரியலூரில் ஒரு கல்லூரியில் சேர, விண்ணப்பத்தை இணையதளத்தில் போடச் சொன்னார்கள். அந்தத் தளத்தைச் செய்தவர் ரேவதிதான். எழுத்தையெல்லாம் அழகுக்காகப் படமாக வைத்திருந்தாராம். அதனால் எதைத் தொட்டாலும் அந்தக் குரல் "இமேஜ், இமேஜ்" என்றுதான் சொன்னது.

"நான் போட்டுத் தரேன் செல்வி" என்றார் ரேவதி.

"எல்லாரும் போட்டுத் தராங்கக்கா. நானே போடணும்."

"அவங்க போட்டா நீ கொறஞ்சா போயிடுவ?" என்று நான் அதட்டினேன். ரேவதி என்னைக் கையமர்த்தினார். "அவ கேக்கறது நியாயந்தாம்மா. கதவு வைக்காம வூடு கட்டுனது நான்."

மறுநாள் போனால், மானிட்டரைத் துண்டு போட்டு மூடியிருந்தார். மவுஸையும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, செல்வியைப் போலவே அந்தக் குரலை மட்டும் கேட்டுக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். தான் செய்த தளத்துக்குள் தனக்கே வழி தெரியவில்லை என்று சிரித்தார். பிறகு எந்தத் தளம் செய்தாலும் துண்டு போட்டுப் பார்க்காமல் அவர் கொடுத்ததில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டும் படிக்கும்படி, அது என்னவென்று எழுதினார். அதிலும் ஒரு கூத்து. ஓரத்தில் அழகுக்கு வைத்த பூக்களுக்கும் எழுதிவிட்டார். குரல் "பிளவர், பிளவர்" என்று ஓயாமல் சொன்னது.

"காலேஜுக்கு வந்தேனா, பூக்கடைக்கு வந்தேனாக்கா?" என்றாள் செல்வி. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குரல் பூக்களைப் பேசாமல் தாண்டிப் போகும்படி ரேவதி மாற்றினார்.

கல்லூரிக்காரர் போனில், "கண்ணு தெரியாதவங்க எத்தன பேரும்மா வரப்போறாங்க? இருந்ததே நல்லாத்தானே இருந்துச்சு?" என்று சலித்துக்கொண்டார்.

"ஒருத்தி என் பக்கத்துலயே இருக்கா சார், பேசுங்க" என்று ரேவதி ரிசீவரைச் செல்வியிடம் நீட்டினார்.

"வணக்கம் சார். உங்க காலேஜுல சேரத்தான் சார்" என்றாள் இவள். மாற்றிய தளத்தையே போடச் சொல்லிவிட்டார் அவர்.

விண்ணப்பம் போட்ட அன்று, தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் செல்வியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். ரேவதி என் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "தனியா விட்டுட்டு வந்துட்டமே" என்றேன். "அவ கூப்பிட்டா போவோம்மா" என்றார். செல்வி கூப்பிடவில்லை. அவளாகவே வெளியே வந்து, "போட்டுட்டேன்" என்றாள். இன்று அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள். ரேவதிக்கு எப்படி நன்றி சொல்வது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, "அவ கூப்பிட்டா போவோம்" என்ற அந்த ஒரு பேச்சுதான். அடக்கத்துக்குச் செல்வி தனியாகப் பஸ் ஏறி வந்தாள். இறங்கும்போது ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் போலிருந்தது. "செல்வி, இங்க இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். கோலைத் தட்டிக்கொண்டு நேராக வந்து, என் தோளில் சாய்ந்து அழுதாள்.