கண்டம் தண்ணீரில்தான்

எனக்குத் தண்ணீரில் கண்டம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தென்காசியில் வீடு, ஸ்கூட்டியை எடுத்தால் குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனால் நாற்பது தாண்டியும் ஒரு தடவைகூட அருவியில் தலை நனைத்ததில்லை. சாரல் விழ ஆரம்பித்தால் ஊர் ஊராக வேன் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். நான் மட்டும் பாத்ரூமில் வாளித் தண்ணீரைக் கோரி ஊற்றிக்கொண்டு, புளியரைப் பக்கம் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.

சின்னப் பிள்ளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அம்மா எங்கேயோ போய்விட்டு வந்து, என் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியருக்கு முகமே சுண்டிப்போய்விட்டது என்றாள். பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, அருவிப் பக்கம், ஆற்றுப் பக்கம் விட்டுவிடாதீர்கள் என்றாராம். நான் புரண்டு புரண்டு அழுதேன். அழுது முடித்ததும், சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் கண்டம் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. தண்ணீரில் கண்டம் என்றால் தரையில் இல்லை என்றுதானே அர்த்தம்? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். நாய் துரத்தினால் ஓட மாட்டேன். இருட்டு, இடி, தலைமையாசிரியர், எதற்கும் பயந்ததில்லை. ஒரு தடவை ஆபரேஷனுக்கு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதுகூட, இங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருப்பதால் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான். கேரளத்துக்கு மணல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் செங்கோட்டை ரோட்டில், இடுக்கில் ஸ்கூட்டியை விட்டு வளைத்து ஓட்டிக்கொண்டு போவேன். உடன் வேலை பார்க்கிற டீச்சர்கள், பட்டாளத்தில் இருப்பது உன் வீட்டுக்காரரா நீயா என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

இந்த வருஷம் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாதம் ஒரு தடவை செங்கோட்டையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆட்டோ குலுக்குகிறது, பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்று சொல்லி என் ஸ்கூட்டியில்தான் வருவாள். நீ ஓட்டினால் எனக்கு ஒரு பயமும் இல்லை என்பாள்.

இந்த ஆடியில் ஒரு காலை, நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உனக்குக் கண்டமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஜோசியர் ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போகவிருந்த அந்த வாரம்தான் அடுத்த தெருப் பிள்ளை ஒன்றை அருவி வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிருந்ததாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அம்மா போகாதே என்றால் நான் கேட்கிற பிள்ளையா? கிரகம் சொன்னால் கேட்பேன் என்று கதை கட்டியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். இத்தனை வருஷமாக வாயைத் திறக்க என்ன கேடு என்று கத்தினேன். அம்மா மெதுவாகத்தான் பதில் சொன்னாள்.

"நீ தைரியமாத்தான இருந்தே. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இப்போ நான் போயிட்டா உனக்கு யாரு சொல்லுவா? ஒரு தடவையாவது அருவியில நின்னுட்டு வா."

டாக்டரிடம் போக வேண்டிய நாளில், சீக்கிரமே கிளம்பி முதலில் ஐந்தருவிக்குப் போனோம். அம்மாவை ஒரு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனேன். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் இரண்டடி பின்னால் வைத்துவிட்டேன். பொய், பொய், எல்லாம் பொய் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். காலுக்கு அது கேட்கவில்லை. குளிக்கத் தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒரு பெண், "வாங்கக்கா, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க" என்று கை நீட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா என் காய்ந்த தலையைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அங்கிருந்து செங்கோட்டைக்குக் கிளம்பினோம். மெயின் ரோட்டில் ஏறியதும் பின்னால் ஒரு மணல் லாரி ஹாரன் அடித்தது. தினமும் கேட்கிற ஹாரன்தான். இந்த ரோட்டில் நான் செத்துப்போகலாம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கண்டம் தண்ணீரில் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இதோ இந்தச் சக்கரத்தடியிலும் இருக்கலாம், பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவோடு சேர்த்து. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டேன். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. எப்படித்தான் இத்தனை வருஷம் இதற்குள் ஓட்டினேன் என்றே விளங்கவில்லை.

டாக்டர் கிளம்பிவிடுவார் என்று அம்மா சொன்னாள். நான் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள்.

"பயப்படாம போ ஏட்டி. உனக்குத் தண்ணியிலதான் கண்டம். ரோட்டுல ஒண்ணும் வராது."

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்து அவர் வாயாலேயே சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னாள். அப்படியும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.