வேலிக்கு அப்பால் நின்ற தாத்தா

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிற வீதியில் இருக்கும் அக்குறணையில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம். கணவருக்குப் பேராதனையில் மண் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்தில் வேலை. எனக்குக் கண்டி டவுனில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. பிள்ளைகள் இல்லை.

இதை வாசித்ததும் உங்கள் முகம் ஒரு மாதிரிப் போயிருந்தால் தயவுசெய்து பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேண்டாம் என்று நாங்களாகவே முடிவெடுத்தோம். பேசிச் செய்த கல்யாணம்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே அவர் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தார். அப்பாடா, என்னைப் போல இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று எனக்கு மூச்சு வந்தது. குழந்தைகளைக் கண்டால் பிடிக்காது என்றில்லை. எங்களுக்கு நாங்கள் இரண்டு பேருமே போதும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

டவுனில் வாடகைக்கு இருந்த வீட்டை, சொந்தக்காரர் தன் மகனின் கல்யாணத்துக்காகத் திருப்பிக் கேட்டார். வேறு வீடு தேடி அலைந்தபோதுதான் எங்களுக்குப் போதுமாக இருந்தது ஊருக்குப் போதவில்லை என்று விளங்கியது.

முதலில் பேராதனைப் பக்கம் பார்த்தோம். எங்கள் ஊர் மனுஷி ஒருவரின் வீடு. கதிரையில் இருக்க முதலே, "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார். இல்லை என்றேன். தேத்தண்ணியோடு கொழும்பில் இருக்கிற ஒரு டொக்டரின் பெயரும் வந்தது, அதற்குப் பின்னால் ஒரு கோயில் நேர்த்தியும் வந்தது. பஸ்ஸுக்கு நடந்து வரும்போது கணவர், "எல்லாம் சொன்னவ, வீட்டைக் காட்ட மட்டும் மறந்திட்டா" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் சிரிக்கவும் முடியவில்லை.

பிறகு கலஹா வீதியில் ஒரு வீடு. சொந்தக்காரர் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிகவும் மரியாதையானவர். "ரெண்டே ரெண்டு பேருக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வீடு? புள்ளகுட்டியோட யாராச்சும் வந்தா குடுக்கலாம்னு பாக்குறோம்" என்றார். மரியாதையாகத்தான் கேற்றைச் சாத்தினார்.

மூன்றாவதாக ஒரு சிங்கள அம்மாவின் வீடு. அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். தமிழர்கள் என்பதால் தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஆமிக்காரர் வந்து கேட்டால் தான் என்ன சொல்வது என்று கேட்டார். பிள்ளைகள் இருந்தால், கொடியில் ஸ்கூல் சட்டை காய்ந்தால், இது குடும்பம் என்று யாருக்கும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் காலையில் போய்விட்டு மாலையில் வருவீர்கள், வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் கண்டியில் இருக்கிற தமிழரின் கதவுகள் எல்லாம் தட்டப்பட்ட காலம் அது. அதுவரை எனக்கு எரிச்சலாக மட்டும் இருந்த விஷயம் அன்றைக்குப் பயமாக மாறியது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு குடும்பமாகப் பார்க்கிற ஓர் இடம் கிடைக்காவிட்டால், கனடாவில் இருக்கும் என் அண்ணனிடம் போய்விட வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டோம். கணவருக்குக் கண்டியை விட்டுப் போக மனமே இல்லை. இந்த மண்ணை விட்டால் நான் வேறெந்த மண்ணைப் பரிசோதிக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார். முகத்தில் வேடிக்கை இருக்காது.

அப்போதுதான் கந்தோரில் ஒருவர் அக்குறணை வீட்டைப் பற்றிச் சொன்னார். சொந்தக்காரர் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார். நாங்கள் இரண்டு பேர்தான் என்றதும் அவருக்கு நல்ல சந்தோஷம்.

"ரெண்டு பேரா? நல்லதாப் போச்சு. மழ இல்லாட்டி கெணத்துல தண்ணி கொறஞ்சிரும். ரெண்டு பேருக்குன்னா போதும்" என்றார்.

பிள்ளை இல்லாததற்கு எங்களைப் பாராட்டிய முதல் மனிதர் அவர்தான். வீட்டைப் போய்ப் பாருங்கள், சாவி பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இருக்கிறது என்றும் சொன்னார்.

வீதியிலிருந்து பிரிகிற ஒடுங்கிய ஒழுங்கையால் ஏறிப் போனோம். செம்பருத்தி வேலியும் வேலியில் ஒரு சின்ன இடைவெளியும். வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாத்தா நிக்கிறாரோ? சாவி வாங்க வந்தனாங்கள்" என்றார்.

அந்தப் பெண் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் தாத்தா" என்றார்.

எங்களுக்குத் தாத்தா என்றால் கிழவர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அவர் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தம்பி தங்கைமார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒழுங்கைக்கே அவர் தாத்தாவாகிவிட்டார். கணவர் வெட்கத்தில் சிவந்துபோனார். திரும்பி வரும்போது, "இஞ்சேரும், எங்களுக்குக் கிழவர், அவைக்கு அக்கா, சிங்களத்திலை தாத்தா எண்டால் அப்பா. இந்த ஒழுங்கையிலை நிண்டு தாத்தா எண்டு கூப்பிட்டால் மூண்டு வீட்டாக்களும் எழும்பி வருவினம்" என்றார். பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். அந்த வீட்டையே எடுத்தோம்.

தாத்தாவின் புருஷன் சவூதியில் இருந்தார். தாய் வீட்டிலேயே இருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டவர் தாத்தாதான். கடைசித் தங்கைக்கு அப்போது நாலு வயது. தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்த அந்தச் சின்னது, நாங்கள் குடிவந்த கிழமையே வேலி இடைவெளியால் நுழைந்து வந்துவிட்டது. கணவர் பின் வளவில் பழைய பால்மா டின்களில் மண் நிரப்பிச் செடி வைப்பார். அவர் நிரப்ப நிரப்ப அது கொட்டும். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது.

மாதங்கள் போயும் தாத்தா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் நான் தண்ணீர் அள்ளப் போகும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தூங்கினீங்களா தங்கச்சி?" என்று மட்டும் கேட்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே, "ஏன் தாத்தா, பிள்ளை இல்லையோ எண்டு நீங்கள் மட்டும் ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"எட்டுப் பேரத் தூக்கி வளத்தீக்கிறேன். எனக்கு யாரக் கண்டாலும் தூங்கினீங்களான்னுதான் கேக்கத் தோணும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் எங்கோ குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பின் வளவில் மண் கலந்துகொண்டிருந்தார், சின்னது பக்கத்தில் குந்தியிருந்தது. நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆமிக்காரர் இரண்டு பேர் முன்வாசலால் உள்ளே வந்தார்கள். ஒருவர் கொஞ்சம் வயதானவர், மற்றவர் இளைஞர்.

கணவர் மண் கையோடு பின்கதவால் உள்ளே வந்தார். அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை அந்தப் பெரியவர் இரண்டு தரம் வாசித்தார். வெளியூர்த் தமிழர் செய்துவைக்க வேண்டிய பொலிஸ் பதிவைக் காட்டினோம். வீட்டில் யார் யார் என்று கேட்டார். நானும் மனைவியும் மட்டும்தான் என்று கணவர் சிங்களத்தில் சொன்னார். இளைஞர் அலுமாரியைத் திறந்து உடுப்புகளை இழுத்துப் போட்டார். பெரியவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கதிரை, இரண்டு கோப்பை. பேராதனையில் வேலை செய்கிற ஆளுக்கு இவ்வளவு தூரத்தில் என்ன வீடு என்று கேட்டார். அந்தச் சிங்கள அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் கண்முன்னால் நடந்தது.

ஒரு சின்ன விசாரணை, வாகனத்தில் ஏறு என்றார். அந்த வசனத்தின் அர்த்தம் அந்த நாட்களில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பின்னேரமே திரும்பி வந்தவர்களும் உண்டு. இன்றுவரை வராதவர்களும் உண்டு. சட்டை போட்டுக்கொள்ளட்டுமா என்று கணவர் கேட்டார். அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

அந்த நேரம் பின்கதவால் சின்னது ஓடி வந்தது. ஆமிக்காரரின் தோளில் தொங்கிய துவக்கையும் சப்பாத்தையும் கண்டு அப்படியே திகைத்து நின்றது. பிறகு கைக்கு எட்டிய கணவரின் சாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வீடே அதிரும்படி, "தாத்தா! தாத்தா!" என்று கத்தி அழுதது.

அது கூப்பிட்டது தன் அக்காவை. பெரியவருக்குக் கேட்டது அப்பா என்று.

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் இருந்த அட்டையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அது பிடித்திருந்த சாரத்தைப் பார்த்தார். மகளா என்று கேட்டார். கணவர் பதில் சொல்லவில்லை. மண் அப்பிய கையைக் குழந்தையின் தலையில் வைத்தார். எனக்கு ஒரே ஒரு பயம்தான். அந்தக் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது. தாத்தா ஓடி வந்தால் சின்னது இவரை விட்டுவிட்டு அவரிடம் பாயும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆமிக்காரரை ஏமாற்றியதாக ஆகிவிடும்.

குசினி யன்னலால் பார்த்தேன். தாத்தா வேலி இடைவெளி வரைக்கும் ஓடி வந்துவிட்டார். ஆமிக்காரர் மகளா என்று கேட்டது அவருடைய காதில் விழுந்திருக்க வேண்டும். கண்டிப் பக்கத்து ஆள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அப்படியே நின்றார். பிறகு செம்பருத்திக்குப் பின்னால் குந்தி, முக்காட்டுத் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தான் தூக்கி வளர்த்த பிள்ளை தன்னைக் கூப்பிட்டுக் கதறுகிறது. அவர் அசையவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

உள்ளே பெரியவர் கணவரை ஏசினார். வீட்டில் இரண்டு பேர் என்றாயே, இந்தச் சின்னதைக் கணக்கில் சேர்க்க மாட்டாயா, நீயெல்லாம் என்ன தகப்பன் என்று கேட்டார். தனக்கும் இந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, குழந்தை பயந்துவிட்டது, உள்ளே கொண்டுபோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இளைஞர் வெளியே இழுத்துப் போட்ட ஒரு சேலையைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

சப்பாத்துச் சத்தம் ஒழுங்கை முடிவுக்குப் போன பிறகுதான் தாத்தா உள்ளே வந்தார். சின்னது பாய்ந்துபோய் அவரைக் கட்டிப்பிடிக்கும் என்று பார்த்தால், ஓங்கி ஓங்கி அடித்தது. கூப்பிடக் கூப்பிட நீ வரவில்லையே என்று அழுதது. தாத்தா எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு நிலத்தில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கணவர் சுவரோடு சாய்ந்து நின்று, "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யே வாயில் வராத மனிதர், அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் கவலை.

"யாரும் பொய் சொல்லல்ல" என்றார் தாத்தா. "அவ என்னத்தான் கூப்பிட்டா. நான் வரல்ல. அவ்வளவுதானே." சொல்லிவிட்டு, நாங்கள் சாவி வாங்கப் போன அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

இந்தக் கதை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமியாரிடமிருந்து சேதி வந்தது. பார்த்தீர்களா, ஒரு பிள்ளைதானே காப்பாற்றியது, இது கடவுள் காட்டுகிற வழி, இனியாவது ஒன்றைப் பெறுங்கள் என்று. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நான் வாக்குவாதப்பட்டுக் களைத்துவிட்டேன். அந்தச் சின்னது பயத்தில் அழுதது, பாவம், அதற்கு என்ன தெரியும்? எங்களைக் காப்பாற்றியது, தன்னைக் கூப்பிட்டு அழுகிற பிள்ளையிடம் போகாமல் வேலிக்குப் பின்னால் குந்தியிருந்த ஒரு பெண். பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள்.

கனடாப் பேச்சை அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கவில்லை. பின்னாளில் ஹாஜியாரிடம் அந்த வீட்டையே வாங்கினோம். சின்னது இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தாய். பெருநாளைக்கு வந்தால் நேரே பின் வளவுக்குப் போய், என் கணவருடைய டின்களை ஒன்று விடாமல் கிளறிவிட்டுத்தான் உள்ளே வரும். அன்றைக்கு அடித்தது அதற்கு ஞாபகம் இல்லை. தாத்தா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதும் இல்லை.

வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா, பஸ் பக்கமா என்று விசாரிப்பார்கள், நாங்களும் அப்படித்தான் விசாரித்தோம். இன்றும் காலையில் செம்பருத்திக்கு மேலால் ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்து, "தூங்கினீங்களா தங்கச்சி?" என்று கேட்கிறது. ஓம் தாத்தா, இரண்டு பேரும் நல்லாத் தூங்கினோம் என்று சொல்லும்போதெல்லாம், நாங்கள் தேடிய இடம் அந்த வீடு அல்ல, இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றும்.